சிறுநீரகத்தைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வது: தொட்டிச் சமன்பாட்டில் தொடங்கி ஹென்லே வளைவு வரை

தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் 1.6 என்று ஒரு ரிப்போர்ட் வருகிறது. அந்த ஆளின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது? ஆறு மாதமாக அதே 1.6 என்றால் ஒரு பதில். நேற்று இரவு 1.0 ஆக இருந்து இன்று காலை 1.6 ஆனது என்றால் பதிலே வேறு; இந்த இரண்டாவது ஆளுக்கு ஐந்தில் நான்கு பங்கு வேலை நின்றுபோயிருக்கலாம். ஒரே எண் இரண்டு பேருக்கு இரண்டு கதை சொல்வது ஏன் என்று வார்த்தையில் விளக்கினால் சுற்றிச் சுற்றி வரும். சமன்பாட்டில் எழுதினால் ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பெரிய மாதிரிகளுக்குப் போவதற்கான வழிகாட்டி இது. பிளஸ் டூ கணக்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. பைத்தான் தெரிந்தால் வசதி, தெரியாவிட்டாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது உறுப்பைப் புரிந்துகொள்வதற்கான கணக்கு. சொந்த ரிப்போர்ட்டை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 1: எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

மாதிரி கட்டும் முன் உறுப்பின் அளவுகள் மனதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை அபத்தமாக வந்தாலும் கண்ணில் படாது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்ணிய அலகுகள். ஆளுக்கு ஆள் இது பல மடங்கு மாறும். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. அதில் பிளாஸ்மா மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 625 மில்லி. அந்தப் பிளாஸ்மாவில் 125 மில்லி வடிகட்டப்பட்டு நெஃப்ரான் குழல்களுக்குள் இறங்குகிறது. இதுதான் ஜிஎஃப்ஆர் எனப்படும் வடிகட்டல் வேகம். ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியே வரும் சிறுநீரோ சுமார் ஒன்றரை லிட்டர்தான். மீதி எல்லாம் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது.

அலகுகளில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் டெசிலிட்டர், ஜிஎஃப்ஆரில் மில்லி, உடல் நீரில் லிட்டர், நேரம் ஒரு இடத்தில் நிமிடம், இன்னொரு இடத்தில் மணி. முதல் வரி எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள். கீழே கிரியாட்டினின் கணக்கு முழுவதும் மில்லிகிராம், டெசிலிட்டர், மணி.

படி 2: ஒரே தொட்டி

உடலில் உள்ள நீரை ஒரே தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆணுக்குச் சுமார் 42 லிட்டர், அதாவது 420 டெசிலிட்டர். மேலே ஒரு குழாய்: தசைகள் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வீதம், மணிக்கு 60 மில்லிகிராம் கிரியாட்டினினைக் கொட்டுகின்றன. கீழே ஒரு குழாய்: சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

கீழ்க்குழாயில் போகும் கிரியாட்டினின் அளவு = வடிகட்டல் வேகம் × ரத்தத்தில் கிரியாட்டினின் செறிவு.

ஜிஎஃப்ஆர் நிமிடத்துக்கு 100 மில்லி என்றால் மணிக்கு 60 டெசிலிட்டர். செறிவு 1 என்றால் வெளியேறுவது மணிக்கு 60 மில்லிகிராம். வருவதும் 60, போவதும் 60, தொட்டியில் மாற்றமில்லை. கிரியாட்டினின் 1.0 என்பது 'நார்மல்' ஆனதன் பின்னணி இந்தச் சமநிலைதான்.

சிறுநீரை அளந்தும் இதே விடைக்கு வரலாம். சிறுநீரில் செறிவு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், சிறுநீர் நிமிடத்துக்கு 1 மில்லி, ரத்தத்தில் 1 மில்லிகிராம் என்றால், 100 × 1 ÷ 1 = நிமிடத்துக்கு 100 மில்லி. கிளியரன்ஸ் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இதைத் துல்லியமாகச் செய்ய, வடிகட்டப்பட வேண்டும், ஆனால் குழல்கள் திரும்ப உறிஞ்சவும் கூடாது, கூடுதலாகச் சுரக்கவும் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு பொருள் தேவை. 1930களில் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித் போன்றவர்கள் இன்யூலின் என்ற தாவரச் சர்க்கரையை அதற்குப் பயன்படுத்தினார்கள். கிரியாட்டினின் அந்த நிபந்தனையில் கொஞ்சம் ஏமாற்றும்: குழல்கள் அதைச் சற்றுச் சுரக்கவும் செய்வதால் உண்மையான ஜிஎஃப்ஆரைவிடக் கூடுதலாகக் காட்டும்.

படி 3: தொட்டியை ஓட விடுங்கள்

இப்போது நேரத்தைச் சேர்ப்போம். வகைக்கெழுச் சமன்பாடு என்று பயப்பட வேண்டாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் போதும்.

அடுத்த மணியின் செறிவு = இப்போதைய செறிவு + (60 − மணிக்கான ஜிஎஃப்ஆர் × இப்போதைய செறிவு) ÷ 420

முதல் வரியில் செறிவு 1. ஒரு விபத்திலோ கடும் நீரிழப்பிலோ ஜிஎஃப்ஆர் சட்டென்று 100-லிருந்து 20 ஆக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 20 மில்லி என்பது மணிக்கு 12 டெசிலிட்டர். முதல் மணியில் (60 − 12) ÷ 420 = 0.11 கூடும். சூத்திரத்தைக் கீழே இழுத்துவிடுங்கள்:

6 மணி நேரத்தில் 1.6
24 மணி நேரத்தில் 3.0
48 மணி நேரத்தில் 4.0
72 மணி நேரத்தில் 4.5
கடைசியில் போய் நிற்பது 5.0

சிறுநீரகம் விழுந்தது ஒரே நொடியில்; கிரியாட்டினின் அதைச் சொல்லி முடிக்க மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. ஆறாவது மணியில் 1.6-ஐப் பார்த்து, சமநிலையில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டால் ஜிஎஃப்ஆர் சுமார் 62 என்று வரும். உண்மை 20.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். தொட்டியின் கொள்ளளவை ஜிஎஃப்ஆரால் வகுத்தால் கிடைப்பது அந்த அமைப்பின் கால அளவு, அதாவது புது நிலைக்குப் பெரும்பகுதி தூரம் போக எடுக்கும் நேரம். ஜிஎஃப்ஆர் 100 ஆக இருக்கும்போது 7 மணி. 20 ஆனபின் 35 மணி. சிறுநீரகம் எவ்வளவு மோசமாகக் கெடுகிறதோ, அவ்வளவு மெதுவாக ரத்தப் பரிசோதனை அதை ஒத்துக்கொள்ளும். இதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சமன்பாட்டிலேயே இருக்கிறது. 1985-இல் மோரன், மையர்ஸ் இருவரும் இந்த வகைக் கணக்கைத் தீவிரச் சிறுநீரகச் செயலிழப்பில் போட்டுப் பார்த்தார்கள். 2009-இல் வைக்கர், பான்வென்ட்ரே இருவரும் இதையே வைத்து நோயின் வரையறையையே கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.

சரி, இப்போது மாதிரியை உடைத்துப் பார்ப்போம். ஜிஎஃப்ஆரைப் பூஜ்யம் ஆக்குங்கள். கிரியாட்டினின் மணிக்கு 60 ÷ 420 வீதம், ஒரு நாளைக்கு 3.4 ஏற வேண்டும். ஆனால் சிறுநீரே இல்லாத நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை ஏறும் என்பதுதான் வார்டுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பாதிகூட வரவில்லையே?

சமன்பாட்டில் பிழை இல்லை. 60 என்ற எண்ணில்தான் சிக்கல். அது நல்ல தசையுள்ள, நடமாடும் இளைஞனுக்கான எண். வயதானவர், மெலிந்தவர், படுத்த படுக்கையாகக் கிடப்பவர், கடும் தொற்றில் இருப்பவர் இவர்களுக்குத் தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் மிகவும் குறைவு. கூடவே சலைன் ஏற்றினால் தொட்டியும் பெரிதாகிவிடும். 60-ஐ 25 ஆக்கிப் பாருங்கள்: நாளுக்கு 1.4. பொருந்துகிறது. இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உற்பத்தி குறைந்த நோயாளிக்குக் கிரியாட்டினின் மெதுவாக ஏறுவதைப் பார்த்து 'பெரிய பாதிப்பில்லை' என்று முடிவு செய்துவிடலாம்.

டயாலிசிஸ் அளவைக் கணக்கிடுவதும் இதே தொட்டிதான். இயந்திரம் நிமிடத்துக்குச் சுத்தம் செய்யும் அளவை நிமிடங்களால் பெருக்கி, தொட்டியின் கொள்ளளவால் வகுப்பார்கள். யூரியாவுக்கு இந்த விகிதம் ஒவ்வொரு முறையும் குறைந்தது 1.2 இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல். இந்த விகிதத்தை 1980களில் கொண்டுவந்தவர்கள் காட்ச், சார்ஜென்ட் இருவர். டயாலிசிஸ் முடிந்து அரை மணியில் யூரியா திரும்பச் சற்று ஏறுவதை ஒற்றைத் தொட்டியால் விளக்க முடியாது. செல்களுக்குள் இருப்பது தாமதமாக வெளியே வருகிறது. இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தால் அதுவும் சரியாகிவிடும்.

இடையில் ஒரு வார்த்தை: ரிப்போர்ட்டில் வரும் ஈ-ஜிஎஃப்ஆர்

லேப் ரிப்போர்ட்டின் கீழே அச்சாகி வரும் ஈ-ஜிஎஃப்ஆரும், அதாவது அளக்காமல் மதிப்பிட்ட ஜிஎஃப்ஆரும், கணித மாதிரிதான், ஆனால் வேறு வகை. காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரம் 1976-இல் வந்தது: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும், பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். அது 249 பேரின் தரவிலிருந்து கட்டப்பட்டது, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இப்போது பரவலாக உள்ள சிகேடி–எபி சூத்திரத்தின் 2021 பதிப்பில் இனம் என்ற காரணியை நீக்கிவிட்டார்கள்.

இவை எதற்குள்ளும் சிறுநீரகம் இல்லை. வயது, பாலினம், கிரியாட்டினின் இவற்றுக்கும் அளந்த ஜிஎஃப்ஆருக்கும் இடையே வரைந்த கோடு மட்டுமே இருக்கிறது. எந்த மக்களை வைத்துக் கோடு வரைந்தார்களோ அவர்களைவிடத் தசை குறைந்தவருக்கு, நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய, சூத்திரம் சிறுநீரகத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டக்கூடும். கிரியாட்டினின் வேகமாக ஏறி இறங்கும்போது இதைப் பயன்படுத்தவே கூடாது. காரணத்தைப் படி 3-லேயே பார்த்துவிட்டீர்கள்.

படி 4: வடிகட்டியின் உள்ளே

இதுவரை ஜிஎஃப்ஆர் என்பது நாம் கொடுக்கும் எண். அது எங்கிருந்து வருகிறது?

நெஃப்ரானின் தலையில் உள்ள கிளாமருலஸ் ஒரு நுண்குழல் முடிச்சு. ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. சுற்றியுள்ள பௌமன் கிண்ணத்தின் அழுத்தம் எதிர்த்துத் தள்ளுகிறது. வடிகட்டியைத் தாண்ட முடியாத ரத்தப் புரதங்கள் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இந்த மூன்றின் கூட்டல் கழித்தல்தான் ஸ்டார்லிங் 1890களில் சொன்ன கொள்கை. மனிதருக்குப் பாடநூல்கள் தரும் மதிப்பீடு: உள்ளழுத்தம் 60, கிண்ணத்தின் அழுத்தம் 18, புரத இழுவை சராசரி 32, எல்லாம் மி.மீ. பாதரசத்தில். மிச்சம் 10. வடிகட்டியின் திறன் ஒவ்வொரு மி.மீ.க்கும் நிமிடத்துக்கு 12.5 மில்லி. பெருக்கினால் 125.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 'சராசரி 32' என்பதற்குள்தான் முழுச் சுவையும் இருக்கிறது. நீர் வெளியேற வெளியேற, மிச்சமுள்ள பிளாஸ்மாவில் புரதம் அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. அதனால் இழுவை கூடுகிறது. அதனால் அடுத்த அங்குலத்தில் வடிகட்டல் குறைகிறது. வடிகட்டுவதே வடிகட்டுவதைத் தடுக்கிறது.

அதைக் கணக்கில் கொண்டுவர, நுண்குழலைப் பத்துத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வடிகட்டும் திறன் 1.25. ஒவ்வொரு வரியிலும் செய்ய வேண்டியவை:

புரதச் செறிவு = 7 × 625 ÷ இப்போது மிச்சமுள்ள பிளாஸ்மா ஓட்டம்
இழுவை = 2.1 × செறிவு + 0.16 × செறிவின் வர்க்கம் + 0.009 × செறிவின் கனம்
இந்தத் துண்டில் வடிவது = 1.25 × (42 − இழுவை)
மிச்ச ஓட்டம் = முந்தைய ஓட்டம் − வடிந்தது

இரண்டாவது வரி லாண்டிஸ்–பாப்பன்ஹைமர் சூத்திரம். செறிவு டெசிலிட்டருக்குக் கிராமில். 42 என்பது 60-லிருந்து 18 கழித்தது.

ஓட விட்டால், நுழைவாயிலில் இழுவை 25.6, நிகரத் தள்ளுதல் 16.4, பத்தாவது துண்டில் இழுவை 36-ஐத் தாண்டி, நிகரத் தள்ளுதல் 5-ஐ ஒட்டி நிற்கும். மொத்தம் வடிந்தது 132. துண்டுகளை நூறாக்கினால் 128-க்கு அருகே வந்து, அதன்பின் பெரிதாக அசையாமல் நிற்கும். இந்தச் சோதனையை எப்போதும் செய்யுங்கள்: துண்டுகளைக் கூட்டும்போது விடை ஓடிக்கொண்டே இருந்தால் அது சிறுநீரகத்தின் விடையே இல்லை, உங்கள் துண்டுகளின் விடை.

இப்போது அழுத்தங்கள் எதையும் தொடாமல் பிளாஸ்மா ஓட்டத்தை மட்டும் ஒன்றரை மடங்கு, அதாவது 937 ஆக்குங்கள். முதல் சூத்திரத்தில் உள்ள 625-ஐயும் மாற்ற மறக்க வேண்டாம். வடிகட்டல் 150-ஐத் தாண்டும். அழுத்தம் ஒரு புள்ளிகூட ஏறவில்லை! வேகமாக ஓடும் பிளாஸ்மாவில் புரதம் அடர்த்தியாக நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். 'ஜிஎஃப்ஆர் கூடினால் அழுத்தம் கூடியிருக்கும்' என்ற பொதுவான எண்ணம் இங்கே விழுந்துவிடுகிறது.

இந்த மாதிரியின் உண்மைக் கதையும் சொல்லத் தகுந்தது. மியூனிக்–விஸ்டார் என்ற எலி இனத்தில் சில கிளாமருலஸ்கள் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே இருக்கும். நுண்ணிய கண்ணாடிக் குழலை நேராகக் குத்தி அழுத்தத்தை அளக்கலாம். 1971-இல் பாரி பிரென்னர் குழு அப்படி அளந்தது. சுமார் 45 மி.மீ. வந்தது. அடுத்த ஆண்டு டீன், ராபர்ட்சன், பிரென்னர் மூவரும் நாம் மேலே போட்ட வகை மாதிரியை எழுதினார்கள். அந்த எலிகளில் நுண்குழலின் முடிவுக்கு முன்பே இழுவை தள்ளுதலுக்குச் சமமாகிவிடுவதாகத் தெரிந்தது. அப்படியானால் வடிகட்டியின் திறன் எவ்வளவு என்று அந்த அளவீடுகளிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது என்று மாதிரி சொன்னது. திறன் இரட்டிப்பானாலும் விடை அதேதான், ஏனென்றால் கடைசிப் பகுதி சும்மா இருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் சொல்லலாம். உடனே சோதனையை மாற்றினார்கள்: எலிக்குத் திரவம் ஏற்றிப் பிளாஸ்மா ஓட்டத்தைக் கூட்டி, அந்தச் சமநிலை வராமல் செய்து, பிறகு திறனை அளந்தார்கள். ஆய்வகத்தில் அடுத்து எதை அளக்க வேண்டும் என்று காகிதக் கணக்கு சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் சிறுநீரகவியலில் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 5: குழலின் எல்லை

சர்க்கரையை வைத்து இதைச் சட்டென்று பார்த்துவிடலாம். ரத்தத்தில் குளுக்கோஸ் 100 என்றால் நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் வடிகிறது. குழல்கள் அதிகபட்சம் சுமார் 375 மில்லிகிராம் திரும்ப உறிஞ்ச முடியும். எனவே ரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரிய வேண்டும். ஆனால் 180, 200-லேயே தெரிகிறது. இரண்டு சிறுநீரகங்களையும் ஒரே பெரிய நெஃப்ரானாகப் பாவித்ததுதான் தவறு. 20 லட்சம் நெஃப்ரான்களில் சில அதிகம் வடிகட்டும், சில குறைவாக உறிஞ்சும். அவை முதலில் வழியத் தொடங்கும். அதோடு, உறிஞ்சும் புரதங்களும் எல்லையைத் தொடும்வரை நூறு சதவீதம் வேலை செய்து பிறகு சட்டென்று நிற்பவை அல்ல. ஸ்ப்ரெட்ஷீட்டில் பத்து வகை நெஃப்ரான்களை வேறு வேறு எல்லைகளுடன் வைத்துக் கூட்டினால், கூரான முனை மழுங்கி நிஜ வளைகோடு வந்துவிடும்.

படி 6: தாமதமாக வரும் சேதி

ஒவ்வொரு நெஃப்ரானும் வளைந்து போய்த் தன் கிளாமருலஸின் வாசலையே மறுபடி தொடும். அந்த இடத்தில் மேக்குலா டென்சா என்ற செல் கூட்டம் கடந்து போகும் நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. உப்பு அதிகம் என்றால் வடிகட்டல் அதிகம் என்று பொருள். உள்ளே வரும் நுண்தமனியைச் சுருக்கச் சொல்லும். ஆனால் வடிந்த நீர் அங்கே போய்ச் சேர நேரமாகும், தமனி சுருங்கவும் நேரமாகும்.

எலிக்கு இந்த மொத்தத் தாமதம் 15 நொடி என்று வைத்து, ஒரு வரிக்கு 15 நொடி கொடுங்கள்.

புதிய விலகல் = − பெருக்கம் × முந்தைய விலகல்

விலகல் என்பது வடிகட்டல் தன் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. பெருக்கம் என்பது அந்த விலகலுக்குத் தமனி எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது என்பது.

தொடக்க விலகல் 10 சதவீதம். பெருக்கம் 0.6 என்றால்: 10, −6, 3.6, −2.2 என்று அடங்கிவிடும். பெருக்கம் 1.5 என்றால்: 10, −15, 22.5 என்று எகிறும். நிஜத் தமனி அப்படி எகிற முடியாது, சுருங்குவதற்கு ஒரு எல்லை உண்டு. அதற்காக 30 சதவீத எல்லையுள்ள ஹைபர்பாலிக் டேன்ஜென்ட் சார்பைப் போடுங்கள்:

புதிய விலகல் = −30 × ஹைபர்பாலிக் டேன்ஜென்ட் (1.5 × முந்தைய விலகல் ÷ 30)

இப்போது வடிகட்டல் கூடவும் குறையவும் என 26 சதவீத அளவில், 30 நொடிக்கு ஒரு முறை, நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை. தாமதமும் பெருக்கமும் சேர்ந்தே ஆட்டத்தை உண்டாக்குகின்றன.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. 1980களில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் எலியின் குழல் அழுத்தத்தை அளந்தபோது ஏறக்குறைய இதே கால அளவில் அலைகளைப் பார்த்தார்கள். பரம்பரையாக உயர் ரத்த அழுத்தமுள்ள எலிகளில் அலைகள் ஒழுங்கு குலைந்து தாறுமாறாக இருந்தன. ஹெரால்ட் லேட்டன், பிட்மன், மூர் மூவரும் 1991-இல் எந்தப் பெருக்கத்துக்கு, எந்தத் தாமதத்துக்கு ஆட்டம் தொடங்கும் என்ற எல்லைக்கோட்டைக் கணிதமாக வரைந்தார்கள்.

படி 7: ஹென்லே வளைவு, ஐந்து வரியில்

ஹென்லே வளைவு என்பது நெஃப்ரான் குழலில் கீழே இறங்கி, திரும்பி, மேலே ஏறும் கொண்டை ஊசி போன்ற பகுதி. ரத்தத்தின் அடர்த்தி, அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, சுமார் 300 மில்லிஆஸ்மோல். சிறுநீரை 1200 வரை அடர்த்தியாக்க மனிதச் சிறுநீரகத்தால் முடியும். ஆனால் உப்பை வெளியேற்றும் பம்புகளால் ஓரிடத்தில் 200 வித்தியாசம்தான் உண்டாக்க முடியும். 200 எப்படி 900 ஆனது? வெர்னர் குன் என்ற இயற்பிய வேதியியலாளர் 1942-இலேயே எதிரோட்டப் பெருக்கம் என்ற யோசனையைச் சொன்னார். 1951-இல் அவரும் ஹார்கிடாய், விர்ஸ் ஆகியோரும் பாசலில் எலிச் சிறுநீரகத் துண்டுகளின் உறைநிலையை அளந்து, உள்ளே போகப் போக அடர்த்தி கூடுவதைக் காட்டினார்கள்.

இதைச் செய்து பார்க்காமல் புரியாது. இரண்டு நெடுவரிசை, ஐந்து வரி. இடது கீழிறங்கு தூம்பு, வலது மேலேறு தூம்பு. எல்லாவற்றிலும் 300 போடுங்கள். பிறகு மாறி மாறி இரண்டு வேலை:

பம்ப்: ஒவ்வொரு வரியிலும் இரண்டின் சராசரியை எடுத்து, இடதில் 100 கூட்டி, வலதில் 100 குறைக்கவும்.
நகர்த்தல்: இடது நெடுவரிசை ஒரு படி கீழே இறங்கட்டும், மேலே புதிதாக 300 நுழையும். இடதின் கடைசி எண் வலதின் அடிக்குப் போகும். வலது ஒரு படி மேலே ஏறும்.

நிறைய தடவை செய்தால், பம்புக்குப் பின் இடது நெடுவரிசை 500, 700, 900, 1100, 1300 என்று நின்றுவிடும். எந்த வரியிலும் வித்தியாசம் 200-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் அடியில் 1300. பம்பின் 200-ஐப் பூஜ்யம் ஆக்கிப் பாருங்கள், எல்லாம் 300-க்குத் திரும்பிவிடும். சிறுநீரைக் கூட்டக் கொடுக்கும் லேசிக்ஸ் மாத்திரை செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். அதனால்தான் அடர்த்தியாகாத சிறுநீர் குடம் குடமாகப் போகிறது.

பாராட்டியது போதும், இப்போது குறை. பத்து வரி வைத்தால் 2300 வரும், இருபது வைத்தால் 4300. படி 4-இல் சொன்ன சோதனையில் இது தோற்றுவிடுகிறது. வளைவு நீண்டால் அடர்த்தி கூடும் என்ற உண்மையை இது காட்டுகிறது, ஆனால் எண்ணை நம்பக்கூடாது. உண்மையான மாதிரியில் பம்பின் வேகம், நீரோட்டத்தின் வேகம், சுவர்களின் கசிவு மூன்றும் சேர்ந்து எல்லை போடும். அப்புறம், இந்தப் பொம்மை மாதிரியில் மேலேறு தூம்பிலிருந்து வெளியே வருவது 300. நிஜத்தில் அது 100-க்கு அருகே நீர்த்துப் போயிருக்கும். பம்ப் செய்த உப்பு முழுவதும் பக்கத்துக் குழலுக்கே போகிறது என்று நாம் வைத்துக்கொண்டதன் விளைவு அது.

பெரிய ஓட்டை இன்னும் உள்ளே இருக்கிறது. சிறுநீரகத்தின் உள்ளடுக்கான மெடுல்லாவின் வெளிப்பகுதியில் தடித்த மேலேறு தூம்பு உப்பைப் பம்ப் செய்கிறது, கதை பொருந்துகிறது. உட்பகுதியில் மெல்லிய தூம்புதான் இருக்கிறது, அங்கே சொல்லிக்கொள்ளும்படி பம்ப் இல்லை. ஆனால் அடர்த்தி அங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. 1972-இல் கோக்கோ–ரெக்டர் ஒரு பக்கமும் ஸ்டீஃபன்சன் ஒரு பக்கமும், யூரியாவும் உப்பும் இடம் மாறிக் கலப்பதாலேயே பம்ப் இல்லாமல் இது நடக்கும் என்று காட்டினார்கள். அழகான விளக்கம். ஆனால் குழல் சுவர்களின் கசிவை அளந்து, அந்த எண்களை மாதிரியில் போட்டால் போதிய அடர்த்தி வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாக இது இழுபறியில் இருக்கிறது. கணக்குப் போடாமல் படம் மட்டும் வரைந்துகொண்டிருந்தால் இந்தக் கேள்வி இருப்பதே தெரிந்திருக்காது.

படி 8: எல்லாவற்றையும் கோர்ப்பது

இனி பெரிய மாதிரிகள். 1972-இல் கைட்டன், கோல்மன், கிரேஞ்சர் மூவரும் நூற்றுக்கணக்கான மாறிகளோடு முழு ரத்த ஓட்டத்தையும் எழுதி, நீண்டகால ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது சிறுநீரகம் என்று வாதிட்டார்கள். நெஃப்ரானின் ஒவ்வொரு செல் வகையையும், அதன் ஒவ்வொரு பம்பையும் எழுதும் மாதிரிகளை ஆலன் வைன்ஸ்டீன் பல பத்தாண்டுகளாகக் கட்டியிருக்கிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அனிட்டா லேட்டன் குழு ஆண், பெண் நெஃப்ரான்களுக்குத் தனித்தனி மாதிரிகளையே உருவாக்கியுள்ளது.

என்னைக் கேட்டால், இவற்றை இறக்கி ஓட விடுவதற்கு முன் உங்கள் சின்ன மாதிரிகளைக் காகிதத்தில் கோர்த்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். அவை குழலின் தொடக்கத்தில் குளுக்கோஸோடு சோடியமும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன (படி 5). எனவே மேக்குலா டென்சாவுக்கு உப்பு அதிகம் போகிறது. அது தமனியைச் சுருக்கச் சொல்கிறது (படி 6). கிளாமருலஸில் அழுத்தம் குறைகிறது, ஜிஎஃப்ஆர் இறங்குகிறது (படி 4). கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி ஒரு புது நிலையில் நிற்கிறது (படி 3). மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் பலருக்கு ஈ-ஜிஎஃப்ஆர் சற்றுக் குறைவது இதனால்தான். நீண்ட காலத்தில் அதே மருந்து சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகிறது என்பது பெரிய மருத்துவச் சோதனைகளில் உறுதியான விஷயம்.

இந்தச் சங்கிலியில் ஒரு கேள்வி பாக்கி நிற்கும்: தொடக்கக் குழல் விட்டுவிட்ட உப்பை யார் திரும்ப எடுப்பது? பின்னால் உள்ள குழல்கள்தான், அதற்கு ஆக்சிஜன் செலவாகும். லேட்டன், வாலன், எட்வர்ட்ஸ் குழுவின் எலி நெஃப்ரான் மாதிரி இதைக் கணக்கிட்டது. ஜிஎஃப்ஆர் குறைவதால் சிறுநீரகத்தின் வெளியடுக்கான கார்டெக்ஸின் ஆக்சிஜன் செலவு மிச்சமாகிறது, ஆனால் ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருக்கும் மெடுல்லாவின் வேலை கூடுகிறது என்று விடை வந்தது. உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே இதன் முதல் தோராயத்தைப் போட முடியும்: தொடக்கக் குழல் வடிந்த சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுக்கிறது என்று வைத்து, அதை அறுபது சதவீதமாகக் குறையுங்கள், ஜிஎஃப்ஆரையும் பத்து சதவீதம் இறக்குங்கள், ஹென்லே வளைவுக்குப் போய்ச் சேரும் சோடியம் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.